தோட்டத்துக்குப் போகவே பிடிக்காமல் போவது எப்படி?

முப்பது சென்ட்டில் காய்கறி போட்டவர்கள் பலர் இரண்டாம் வருடமே "போதும்டா சாமி" என்று விட்டுவிடுகிறார்கள். கேட்டால் விலை இல்லை என்பார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் அதற்கு முன்பே தோட்டத்துப் பக்கம் கால் போகாமல் நின்றிருக்கும். அந்தச் சலிப்பைப் பெரும்பாலும் நாமேதான் விதைத்திருப்போம்.

பெரிய தவறு, இருக்கிற நிலம் முழுவதையும் ஒரே நாளில் விதைப்பது. முதல் ஆடிப்பட்டத்தில் நான் முப்பது சென்ட்டிலும் வெண்டை போட்டேன். ஏறக்குறைய 45 நாளில் காய்ப்பு தொடங்கியது. அதன்பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தே ஆகவேண்டும். கல்யாணம், காதுகுத்து எதுவும் வெண்டைக்குத் தெரியாது. ஒரு பறிப்பு தவறினால் காய் முற்றிவிடும், நுனி ஒடியாமல் வளையும், சந்தையில் யாரும் தொடமாட்டார்கள். முற்றியதைச் செடியிலேயே விட்டால் புதுக்காய் பிடிப்பதும் குறையும். போதாததற்குக் கையெல்லாம் சுணை அரிப்பு. (பழைய முழுக்கைச் சட்டை ஒன்றைத் தோட்டத்திலேயே போட்டு வையுங்கள்.) இப்போது பத்து சென்ட்டில் வெண்டை, இருபது நாள் கழித்து இன்னொரு பத்தில் வெண்டை, மீதியில் கத்தரியும் கொத்தவரையும். ஓரமாக இரண்டு பாத்தி சிறுகீரை. விதையை மணலோடு கலந்து தூவினால் 25 நாளில் கட்டுக் கட்டலாம். மற்றவை காய்க்கும்வரை கை சும்மா இருக்காது, பையும் காலியாக இருக்காது.

அடுத்தது களை. மூன்றாம் வாரத்தில் இரண்டு காலைப்பொழுதில் முடிகிற வேலை, ஆறாம் வாரத்தில் செடியைத் தேடுகிற வேலையாகிவிடும். தண்ணீர் பாய்ச்சிய மறுநாள் ஈரத்தில் பிடுங்கினால் வேரோடு வரும். கோரை மட்டும் அறுந்து, கிழங்கை மண்ணுக்குள் விட்டுவிடும், அதற்குக் களைக்கொத்துதான்.

வேலை இருந்தால்தான் தோட்டத்துக்குப் போவது என்று இருப்பவர்களுக்கு நான் சொல்வது: விடியலில் வெறுங்கையோடு ஒரு சுற்று வாருங்கள். கத்தரிக் குருத்து வாடித் தொங்கினால் உள்ளே துளைப்பான் புழு இருக்கும். அன்றே கிள்ளி அழித்தால் ஐந்து நிமிட வேலை. காய்க்குள் புகுந்தபின் மருந்துக்கடைக்கு நடக்கவேண்டும். பூசணிப்பூ விரிவதும் அந்த நேரத்தில்தான், வெயில் ஏறினால் சுருங்கிவிடும். ஒரு பூவுக்குள் நாலு தேனீ முட்டிமோதுவதைப் பார்த்துவிட்டால், காலையில் மருந்தடிக்க யாருக்கும் மனசு வராது. எதைத் தெளிப்பதானாலும் சாயங்காலம் தெளியுங்கள்.

காலை எழுந்ததும் செல்போனில் தக்காளி விலை பார்த்துவிட்டு வயலில் இறங்குகிற பழக்கத்தையும் விடுங்கள். விலை விழுந்த அன்று செடிமேலேயே கோபம் வரும். எல்லாவற்றையும் கமிஷன் மண்டிக்கே ஏற்றாமல், வாரத்தில் ஒருநாளாவது உழவர் சந்தையில் நீங்களே தராசைப் பிடித்துப் பாருங்கள். 1999இல் மதுரையில் தொடங்கிய அந்தச் சந்தைகளில் விவசாயி அடையாள அட்டையோடு நேராக விற்கலாம். "போனவாரம் வாங்குன கத்திரிக்கா வெண்ணெயா வெந்துச்சுண்ணே" என்று ஒரு அக்கா சொன்னது மண்டிச் சீட்டில் வராது.

இன்னொன்று, பிஞ்சுக்காயெல்லாம் சந்தைக்கு, சொத்தையெல்லாம் வீட்டுக்கு. எங்கள் வீட்டிலும் வருடக்கணக்காக அப்படித்தான். "நல்ல காய நாம எப்பங்க திங்கிறது?" என்று வீட்டுக்காரி ஒருநாள் கேட்டாள். இப்போது முதல் கூடை அடுப்படிக்குப் போனபிறகுதான் சாக்கு கட்டுகிறோம்.