மீதி 23 மணி நேரம்: வீட்டுத் தாதியர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மருத்துவமனை வார்டில் ஒரு தாதி கவனிக்கத் தவறியதை அடுத்த ஷிப்டில் வருபவர் கண்டுபிடித்துவிடுவார். வீட்டில் அடுத்த ஷிப்ட் என்று ஒன்று கிடையாது. கோலாலம்பூரில் வீடு வீடாகச் சென்று நோயாளிகளைப் பார்க்கும் தாதி, ஒரு வீட்டில் இருப்பது மிஞ்சிப்போனால் ஒரு மணி நேரம். மீதி 23 மணி நேரமும் அந்த நோயாளி மனைவியின் கையிலோ மருமகளின் கையிலோ பணிப்பெண்ணின் கையிலோதான் இருக்கிறார். வார்டில் பல ஆண்டுகள் பணியாற்றிவிட்டு இந்த வேலைக்கு வந்த நான், முதல் ஆண்டில் கட்டுகளை ஒழுங்காகத்தான் கட்டினேன், ஊசிகளைச் சரியாகத்தான் போட்டேன். ஆனாலும் நோயாளிகள் சிலருக்கு உடல்நிலை மோசமானது. நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிய பிறகு அந்த வீட்டில் என்ன நடக்கும் என்பதை எண்ணிப் பார்க்காததே அதற்குக் காரணம் என்பது புரியச் சற்றுக் காலம் பிடித்தது.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, கற்றுக்கொடுக்க வேண்டியவரை விட்டுவிட்டு வேறொருவருக்குக் கற்றுக்கொடுப்பது. செந்தூலில் ஓர் அடுக்குமாடி வீட்டில், பக்கவாதத்தால் விழுங்கும் திறனை இழந்த அம்மையார் ஒருவருக்கு மூக்குக் குழாய் வழியாகப் பால் ஊட்ட வேண்டியிருந்தது. அவருடைய மகள் விடுப்பு எடுத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார். குறிப்பேடு வைத்துக்கொண்டு நான் சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டார். நானும் மனநிறைவோடு திரும்பினேன். அடுத்த வாரம் போனபோது அம்மையாருக்கு இருமலும் காய்ச்சலும் இருந்தன. விசாரித்தபோதுதான், மகள் காலை ஏழு மணிக்கே வேலைக்குக் கிளம்பிவிடுகிறார் என்பதும், நாளொன்றுக்கு ஐந்து வேளை பால் ஊட்டுபவர் இந்தோனேசியாவின் மேடானிலிருந்து வந்த பணிப்பெண் என்பதும் தெரிந்தன. சென்ற வாரம் நான் தமிழில் விளக்கிக்கொண்டிருந்த நேரம் முழுவதும் அந்தப் பெண் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். அம்மையாரை மல்லாந்து படுக்க வைத்தே பால் ஊற்றியிருக்கிறார். அவரிடம் யாரும் வேறுவிதமாகச் சொல்லவில்லை.

அன்றிலிருந்து எந்த வீட்டிலும் நான் கேட்கும் முதல் கேள்வி, 'இரவு இரண்டு மணிக்கு இவருக்குப் பக்கத்தில் இருப்பவர் யார்?' என்பதுதான். பதிலில் யாரைச் சொல்கிறார்களோ அவர் பேசும் மொழியில்தான் பாடம். அந்தப் பணிப்பெண்ணுக்காக மலாயில் கொட்டை எழுத்தில் எழுதிய நான்கு வரிகளைக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டினோம்: தலைப்பக்கம் குறைந்தது 30 பாகை உயர்ந்திருக்க வேண்டும், குழாயின் குறி மூக்கு நுனியில் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும், பால் ஊற்றுவதற்கு முன் சிரிஞ்சில் இழுத்த திரவம், அமிலத்தன்மையை அளக்கும் பிஹெச் தாளில் 5.5 அல்லது அதற்குக் கீழே காட்ட வேண்டும்; ஊட்டி முடித்து அரை மணி நேரமாவது படுக்க வைக்கக் கூடாது. குழாயில் காற்றைச் செலுத்தி வயிற்றில் சத்தம் கேட்கிறதா என்று பார்க்கும் பழைய முறையை மூத்த தாதியர் சிலர் இன்னும் சொல்லித் தருகிறார்கள். குழாய் மூச்சுப்பாதையில் கிடந்தாலும் அந்தச் சத்தம் கேட்கக்கூடும் என்பதால் அதை நம்பி ஒரு சொட்டும் ஊற்றக் கூடாது. மேலும், 'புரிந்ததா?' என்று கேட்பது வீண் வேலை. 'இல்லை' என்று யாரும் சொல்லமாட்டார்கள். சிரிஞ்சை அவர் கையில் கொடுத்து, நாம் கையைக் கட்டிக்கொண்டு ஒருமுறை முழுதாகப் பார்க்க வேண்டும்.

அடுத்தது, ஏசுவது. காலில் ஆறாத புண்ணோடு இருந்த பாட்டி ஒருவரின் கட்டைப் பிரித்தபோது, மருந்துத் துணிக்கு அடியில் காமாட் (கடல் அட்டை) எண்ணெயின் வாடையும் மஞ்சளின் நிறமும் இருந்தன. நான் குரலை உயர்த்திவிட்டேன். அதன்பின் சில வாரங்கள் கட்டு சுத்தமாகவே இருந்தது, புண் மட்டும் ஆறவில்லை. பேத்திதான் ஒருநாள் உண்மையைச் சொன்னாள்: நான் வரும் நாளுக்கு முந்திய இரவே பாட்டி எல்லாவற்றையும் கழுவித் துடைத்துவிடுவாராம். பாட்டியிடம் மெதுவாகக் கேட்டேன். 'மிஸ்ஸி ஏசுவாங்கன்னுதான் சொல்லல' என்றார். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பிழைத்து, தோட்ட மருத்துவமனை உதவியாளரான டிரெசரின் அதட்டலைக் கேட்டே வளர்ந்த தலைமுறை அது. வெள்ளைச் சீருடையைக் கண்டால் எதை மறைக்க வேண்டும் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். வீட்டில் தகவல்தான் நம்முடைய முதல் கருவி, ஓர் ஏச்சில் அதை இழந்துவிடுகிறோம். இப்போதெல்லாம் காமாட் எண்ணெயைக் கண்டால், புண் இல்லாத முழங்காலில் தேய்த்துக்கொள்ளலாம் என்றும், புண்ணுக்குள் மட்டும் வேண்டாம் என்றும் சொல்கிறேன். விபூதி என்றால் நெற்றியோடு நிறுத்திக்கொள்ளச் சொல்கிறேன். பெரும்பாலும் கேட்கிறார்கள்.

படுக்கைப் புண் விஷயத்தில் நம் சமூகத்துக்கென்றே ஓர் ஆபத்து இருக்கிறது. புண் வருவதற்கு முன் தோல் சிவக்கும் என்று பாடநூல்கள் சொல்கின்றன. ஆனால் கருத்த தோலில் அந்தச் சிவப்புக் கண்ணுக்குத் தெரிவதில்லை. கண்ணால் மட்டும் பார்த்துவிட்டு 'தோல் நன்றாக இருக்கிறது' என்று எழுதிவைப்பது, நானும் செய்த தவறு. இடுப்பின் பின்னெலும்பு, குதிகால், தொடை எலும்பு மேடு ஆகிய இடங்களைப் புறங்கையால் தொட்டு, சுற்றியுள்ள தோலைவிடச் சூடாக இருக்கிறதா, கெட்டியாகவோ கொழகொழவென்றோ இருக்கிறதா, தொடும்போது வலிக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்படிப்பட்ட இடத்தில் எண்ணெய் தேய்த்து அழுத்திப் பிடித்துவிடுவது பாசத்தால் செய்யப்படும் கெடுதல், ஏனென்றால் ஏற்கெனவே நசுங்கியிருக்கும் திசு அதனால் மேலும் சிதைகிறது. நடுவில் ஓட்டை உள்ள வளையத் தலையணையைக் கடைகளில் இன்னும் விற்கிறார்கள். அது ஓட்டையைச் சுற்றி இரத்த ஓட்டத்தை அமுக்கிவிடுகிறது. கெண்டைக்காலுக்கு அடியில் சாதாரணத் தலையணை ஒன்றை வைத்து, குதிகால் மெத்தையில் படாமல் தூக்கி நிற்கும்படி செய்வது அதைவிட மேல். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிவிடச் சொல்வது எளிது. 70 வயதுக் கணவர் தனியாக இரவில் எத்தனை முறை எழுவார் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொண்டுதான், மெத்தையின் தரத்தையும் தோலின் நிலையையும் பார்த்து, நடக்கக்கூடிய ஓர் அட்டவணையைப் போட்டுத் தர வேண்டும்.

இனிப்புநீர் (நீரிழிவு) நோய் இல்லாத வீட்டை நான் அரிதாகத்தான் பார்க்கிறேன். 2023-இல் நடத்தப்பட்ட தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழ ஆறில் ஒருவருக்கு, இந்நோய் உள்ளது. இங்கே தாதியர் செய்யும் தவறு, மருந்தின் அளவை மட்டும் சரிபார்த்துவிட்டுக் கிளம்புவது. இன்சுலின் பேனா எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று எழுந்துபோய்ப் பார்க்க வேண்டும். திறக்காத பேனா 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் இருக்க வேண்டும். உறைபெட்டியை ஒட்டி வைத்து ஒருமுறை உறைந்துவிட்டால் அதைத் தூக்கி எறிவதைத் தவிர வேறு வழியில்லை. பயன்பாட்டில் உள்ள பேனாவைப் பெரும்பாலான வகைகளில் 30 டிகிரிக்கு மிகாத இடத்தில் ஏறத்தாழ நான்கு வாரம் வைத்திருக்கலாம் என்றாலும், வெயில் அடிக்கும் மேல்மாடி வீட்டில், சாமி அலமாரி விளக்குக்குப் பக்கத்தில் அந்தக் குளிர்ச்சி கிடைக்காது. வயிற்றில் ஊசி போடும் இடத்தையும் தடவிப் பார்க்க வேண்டும். ஒரே இடத்தில் போட்டுப் போட்டுக் கட்டி விழுந்திருந்தால் மருந்து ஒருநாள் ஏறும், ஒருநாள் ஏறாது. அதைத் தெரிந்துகொள்ளாமல் மருத்துவரிடம் 'சர்க்கரை கட்டுப்படவில்லை' என்று சொன்னால் அளவைக் கூட்டிவிடுவார்.

விரதத்தைப் பற்றிக் கேட்காமல் விடுவதும் இதோடு சேர்ந்ததே. ரமலான் மாதம் நெருங்கும்போது முஸ்லிம் நோயாளிகளிடம் நோன்பைப் பற்றிக் கேட்கப் பழகியிருக்கிறோம். தைப்பூசத்துக்கு முன் ஒரு வேளை மட்டும் உண்ணும் நம்மவர்களிடம் கேட்கத் தோன்றுவதில்லை. ஊசி வழக்கமான அளவில் ஏறுகிறது, சோறு மட்டும் இறங்குவதில்லை. இரத்தச் சர்க்கரை லிட்டருக்கு 4 மில்லிமோலுக்குக் கீழே போனால், சுயநினைவோடு விழுங்க முடிகிறவருக்கு மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்பதை வீட்டில் ஒருவராவது மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாமல் அவசர உதவி எண்ணான 999-ஐ அழைக்க வேண்டும். பினாங்கில் பணியாற்றும் என் தோழி, தைப்பூசத் தேர் தண்ணீர்மலை முருகன் கோவிலுக்குப் புறப்படும் நாளில் சாலைகள் அடைபடும் என்பதற்காக முன்கூட்டியே தன் வருகைகளை மாற்றி அமைத்துக்கொள்வார். அதே தொலைபேசி அழைப்பில் விரதத்தைப் பற்றியும் கேட்டுவிடுவாராம்.

சின்னச் சின்ன ஒழுக்கங்கள் வீட்டில் தளர்ந்துவிடுகின்றன. கையுறை போட்டிருப்பதால் கை கழுவத் தேவையில்லை என்று நினைப்பது, குழாயோடு இணைந்த சிறுநீர் சேகரிப்புப் பையைக் கட்டிலின் மேலேயே நோயாளிக்குப் பக்கத்தில் வைத்துவிடுவது, ஊசிகளை மெல்லிய தண்ணீர்ப் போத்தலில் போடுவது ஆகியவை வார்டில் யாரும் செய்யாதவை. அந்தப் பை எப்போதும் உடலுக்குள் இருக்கும் சிறுநீர்ப்பையின் மட்டத்துக்குக் கீழே, ஆனால் தரையில் படாமல் தொங்க வேண்டும். ஊசிகளுக்குக் கெட்டியான, மூடி இறுகும் கலன் வேண்டும். குப்பை அள்ளுபவருக்கும் கை இருக்கிறது.

உத்தரவு விஷயத்தில் தயவு தாட்சணியம் கூடாது. 'டாக்டர் சொல்லிவிட்டார், இந்த ஊசியைப் போட்டுவிடுங்கள்' என்று மகன் சொல்வதோ, புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) வரும் குரல் பதிவோ மருத்துவ உத்தரவாகாது. எழுதிய சீட்டில் நோயாளியின் பெயர், மருந்து, அளவு, வழி, நேரம் ஆகியவை இருக்க வேண்டும். 1950-ஆம் ஆண்டின் தாதியர் சட்டத்தின் கீழ் மலேசியத் தாதியர் வாரியத்தில் பதிவு பெற்று, ஆண்டுதோறும் தொழில் சான்றிதழைப் புதுப்பித்துக்கொள்பவரே தாதி. தனியாக வேலை செய்பவர்கள் புதுப்பிக்க மறந்துவிடுவதுண்டு, ஏனென்றால் நினைவூட்டத் தலைமைத் தாதியான மேட்ரன் இல்லை. முன்பு நான் வேலை செய்த முகவர் நிறுவனம் ஒன்று, சில வாரப் பயிற்சி மட்டுமே பெற்ற பராமரிப்பாளரையும் தாதி என்றே சொல்லி அனுப்பியது. அந்தப் பெண் பயந்துகொண்டே சிறுநீர்க் குழாய் மாற்றப் போனதை அறிந்த பிறகுதான் அங்கிருந்து விலகினேன். புண்ணின் படத்தைச் சொந்தக் கைப்பேசியில் எடுத்து ஆலோசனைக்காகக் குழுவில் போடுவதும் ஒரு தவறுதான். அனுமதி கேட்டு, முகமும் பெயரும் இல்லாமல் எடுத்து, சிகிச்சை தரும் மருத்துவருக்கு மட்டும் அனுப்பி, பிறகு அழித்துவிட வேண்டும்.

அங்பாவ், அதாவது உறையில் வைத்துத் தரும் அன்பளிப்புப் பணம், வாங்கலாமா என்று புதியவர்கள் கேட்பார்கள். தீபாவளிக்குப் பலகாரம் வாங்கிக்கொள்வேன், பணம் வாங்குவதில்லை. வங்கி அட்டையைக் கொடுத்து 'நூறு வெள்ளி எடுத்து வாம்மா' என்பவர் பெற்ற தாயைப் போன்றவராக இருந்தாலும் மறுத்துவிட வேண்டும். நம் உடம்பும் கணக்கில் உண்டு. தரையில் விரித்த மெத்தையில் குனிந்து குனிந்து கட்டு மாற்றி இடுப்பைக் கெடுத்துக்கொண்டவர்கள் பலர். மின்தூக்கி பழுதானால் நாம் ஏறிவிடலாம், நோயாளியை இறக்குவது எப்படி என்பதை முதல் வருகையிலேயே பார்த்துவைக்க வேண்டும். பினாங்கு ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளில் செங்குத்தான மரப்படிகள் உண்டு; அங்கே ஸ்ட்ரெச்சர் திரும்பாது.

கடைசி நாள்களைப் பற்றிப் பேசத் தயங்குவது, எனக்கு இன்னும் முழுமையாகப் போகாத குறை. கோலாலம்பூரில் 1991-இல் தொடங்கப்பட்ட ஹோஸ்பிஸ் மலேசியா போன்ற அமைப்புகள் கிள்ளான் பள்ளத்தாக்கில் வீட்டுக்கே வந்து வலி தணிப்புப் பராமரிப்பைக் கட்டணமின்றித் தருகின்றன. ஆனால் குடும்பம் மிகத் தாமதமாகத்தான் கேள்விப்படுகிறது. கடும் வலியைத் தணிக்கும் மார்ஃபின் என்றாலே முடிவு வந்துவிட்டது என்று பயந்து போத்தலை ஒளித்து வைக்கிறார்கள். மார்ஃபின் உண்டாக்கும் மலச்சிக்கலுக்கான மருந்தையும் அதோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று யாரும் சொல்லாததால் நோயாளியே அதை வெறுக்கிறார். வீட்டிலேயே இறக்க வேண்டும் என்று அவர் கேட்டிருந்தாலும், மூச்சு மாறும் இரவில் யாருக்கும் ஒன்றும் தோன்றாமல் 999-ஐ அழைத்துவிடுகிறார்கள். மூச்சு எப்படி மாறும், யாருக்கு முதலில் தொலைபேச வேண்டும், உயிர் பிரிந்த பிறகு இறப்பை முறைப்படி அறிவித்து ஈமச்சடங்குக்கான அனுமதிச் சீட்டு வாங்க எந்த அடையாள அட்டைகளும் மருத்துவக் குறிப்புகளும் வேண்டும் என்பதையெல்லாம், அவர் இன்னும் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுகிறேன். அந்தத் தாளைக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டுவதில்லை. இரவு இரண்டு மணிக்குப் பக்கத்தில் இருக்கப்போகிறவரை வாசலுக்கு வெளியே அழைத்து, அவர் கையில் கொடுக்கிறேன்.