மனநல ஆலோசகரைத் தேடுகிறீர்களா? பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

மருத்துவருக்கு இருப்பது போன்ற கட்டாயப் பதிவு, மனநல ஆலோசகருக்கு இந்தியாவில் இன்னும் முழுமையாக நடைமுறைக்கு வரவில்லை. 2021-இல் அதற்கான சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் வார இறுதிப் பயிற்சியில் சான்றிதழ் வாங்கியவரும், பல ஆண்டுகள் படித்து மருத்துவமனையில் பயிற்சி பெற்றவரும் ஒரே பெயரில் பலகை மாட்டுகிறார்கள். மனம் நொந்து வருபவரிடம் இந்த வேறுபாட்டை எடுத்துச் சொல்ல ஆளில்லை என்பது எனக்குப் பெரிய ஆதங்கம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் ஆலோசகரைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். டெலி மானஸ் உதவி எண் 14416-ஐ உடனே அழையுங்கள். இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். வீட்டில் ஒருவரிடமாவது சொல்லுங்கள், தனியாக இருக்காதீர்கள்.

படி 1: உங்களுக்கு யார் தேவை?

மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து, மனநலத்தில் எம்.டி. அல்லது டி.பி.எம். போன்ற மேற்படிப்பு படித்தவர். மருந்து எழுதித் தர முடியும். மருத்துவ உளவியலாளர் பேச்சுவழிச் சிகிச்சையும் உளவியல் சோதனைகளும் செய்வார். மருந்து எழுத மாட்டார். ஆலோசகர் பெரும்பாலும் உளவியலிலோ சமூகப் பணியிலோ முதுகலை படித்தவராக இருப்பார்.

யாரும் பேசாதபோது குரல் கேட்பது, நாள்கணக்கில் தூக்கமே இல்லாமல் பரபரப்பாக இருப்பது, சாப்பிடவே மறுப்பது போன்றவை இருந்தால் முதலில் மருத்துவரிடம்தான் போக வேண்டும். தைராய்டு குறைபாடுகூடச் சோர்வாகவும் மனவாட்டமாகவும் வெளிப்படும். ரத்தப் பரிசோதனை செய்து அதைக் கண்டுபிடிப்பவர் மருத்துவரே. இழப்பின் துயரம், கணவன் மனைவி பிணக்கு, தேர்வு பயம், வேலை நெருக்கடி ஆகியவற்றுக்கு நல்ல ஆலோசகரே போதும்.

படி 2: பதிவெண்ணைச் சரிபாருங்கள்

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். மருத்துவராக இருந்தால் மாநில மருத்துவக் கவுன்சிலில் அவருக்குப் பதிவெண் இருக்கும். மருத்துவ உளவியலாளராக இருந்தால் ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். அதன் இணையதளத்தில் பெயரையோ பதிவெண்ணையோ கொடுத்துத் தேடலாம்.

பலர் ஏமாறுவது இதற்குப் பிறகுதான். ஆர்.சி.ஐ. பதிவு உளவியலாளர்களுக்கு மட்டும் உரியதன்று. சிறப்புக் கல்வி ஆசிரியர்கள், பேச்சுப் பயிற்சி அளிப்பவர்கள் போன்றோரும் அதே கவுன்சிலில்தான் பதிவு செய்கிறார்கள். 'ஆர்.சி.ஐ. பதிவு பெற்றவர்' என்ற வரியைப் பார்த்ததும் நிறுத்திவிடாமல், எந்தப் பிரிவில் பதிவு, என்ன படிப்பு, பதிவு இன்னும் செல்லுபடியாகிறதா என்று பாருங்கள்.

ஆலோசகரிடம் இந்தப் பதிவெண் இல்லாமல் இருக்கலாம். அதனாலேயே அவரை ஒதுக்கிவிடக் கூடாது. முதுகலைப் பட்டம் எந்தப் பல்கலைக்கழகத்தில், பயிற்சி எந்த மருத்துவமனையில், இப்போது அவருக்கு மேற்பார்வையாளர் (அவர் தரும் ஆலோசனையைக் கவனித்து வழிகாட்டும் மூத்தவர்) யார் என்று கேளுங்கள். பெயருக்கு முன் 'டாக்டர்' இருந்தால் அது மருத்துவப் பட்டமா, முனைவர் பட்டமா என்றும் கேட்டுவிடலாம்.

படி 3: போனில் பத்து நிமிடம்

இப்படிப் பேசுங்கள்: "மேடம், எனக்குச் சில மாதங்களாகச் சரியான தூக்கமில்லை, வேலையில் மனம் ஒட்டவில்லை. இப்படிப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? எந்த முறையில் சிகிச்சை தருவீர்கள்? ஒரு அமர்வு எவ்வளவு நேரம், கட்டணம் எவ்வளவு?" நேர்மையானவர் இதற்குக் கோபப்பட மாட்டார். "இது என் துறையில்லை, இன்னாரைப் பாருங்கள்" என்று சொல்பவர் கிடைத்தால் அவர் பெயரைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு நாள் தேவைப்படுவார். "நேரில் வாருங்கள், எல்லாம் சரியாகிவிடும்" என்று மட்டும் சொல்பவரிடம் போகாதீர்கள்.

கட்டணம் கட்டுப்படியாகாதவர்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்திலும் புறநோயாளர் பிரிவு இயங்குகிறது. கூட்டம் இருக்கும், காத்திருக்க வேண்டும். ஆனால் அங்கே பார்ப்பவர்கள் தகுதி பெற்றவர்கள்.

படி 4: முதல் அமர்வில் கவனியுங்கள்

ரகசியக் காப்பு பற்றி அவராகவே பேச வேண்டும். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் அதை நோயாளியின் உரிமை என்கிறது. அதற்கு விலக்குகளும் உண்டு: உங்கள் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து வரும்போது, குழந்தை மீதான பாலியல் குற்றம் தெரியவரும்போது, நீதிமன்றம் கேட்கும்போது. இதைத் தொடக்கத்திலேயே விளக்குபவர் முறையாகப் பயின்றவர் என்று நம்பலாம். அழைத்துச் செல்வது மகனையோ மகளையோ என்றால், பிள்ளை சொல்வதில் எது பெற்றோருக்குச் சொல்லப்படும், எது சொல்லப்படாது என்பதை மூவரும் சேர்ந்து பேசிக்கொள்ளுங்கள்.

படி 5: எப்போது விலக வேண்டும்?

சில விஷயங்களில் தயக்கமே வேண்டாம். தொடக்கூடாத விதத்தில் தொடுவது, பணியிடத்துக்கு வெளியே சந்திக்க அழைப்பது, கடன் கேட்பது, மருத்துவர் தந்த மருந்தை நிறுத்தச் சொல்வது, சாதியையோ மதத்தையோ உடையையோ குறை சொல்வது, இத்தனை நாளில் குணமாக்கிவிடுகிறேன் என்று உறுதி கொடுப்பது: இவற்றில் ஒன்று நடந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

மற்றபடி, முதல் அமர்வு கனமாக இருந்தது என்பதற்காக விட்டுவிட வேண்டாம். மூன்று நான்கு அமர்வுகள் பாருங்கள். அப்போதும் மனம் திறந்து பேச வரவில்லை என்றால் அதை அவரிடமே சொல்லி, வேறொருவருக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். புதியவரிடம் மறுபடியும் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்லும் சுமை அதனால் குறையும்.