வார்டில் வடிகால் வேலை தொடங்கிவிட்டதா? பில் தொகை போவதற்கு முன் செய்ய வேண்டியவை

கடலூரில் ஒவ்வொரு பெரிய மழைக்குப் பிறகும் ஏதோ ஒரு திட்டத்தின் பெயரில் நிதி வருகிறது. 2011-இல் தானே புயல் அடித்தது, 2015-இல் வெள்ளம் சூழ்ந்தது, 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலை அடுத்துத் தென்பெண்ணை கரைபுரண்டது. பிறகு வடிகால் கட்டுகிறார்கள், சாலை போடுகிறார்கள். அடுத்த மழையில் தண்ணீர் பழைய இடத்திலேயே தேங்கும்போதுதான் நாம் புகார் மனுவோடு கிளம்புகிறோம். அதற்குள் ஒப்பந்ததாரருக்குப் பணம் போய்ச் சேர்ந்திருக்கும், கம்பியும் ஜல்லியும் கான்கிரீட்டுக்குள் மறைந்திருக்கும். கண்காணிக்க வேண்டிய நேரம் வேலை நடக்கும் நாட்கள்தான். அதற்கான வழியை ஒரு சாதாரணத் தெரு வடிகாலை வைத்துச் சொல்கிறேன். இதைக் கற்றுக்கொண்டால் பேருந்து நிலையம், சந்தைக் கட்டடம் போன்ற பெரிய வேலைகளையும் இதே முறையில் பார்க்கலாம்.

முதல் படி: வேலை யாருடையது?

பலர் இங்கேயே வழி தவறுகிறார்கள். ஊருக்குள் நடக்கும் எல்லா வேலையும் மாநகராட்சியின் வேலை அல்ல. நாகப்பட்டினம் செல்லும் நான்குவழிச் சாலை தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தைச் சேர்ந்தது. ஊருக்குள் இருக்கும் பெரிய சாலைகள் சில மாநில நெடுஞ்சாலைத் துறையிடம் இருக்கின்றன. கெடிலம் ஆற்றின் கரை நீர்வளத் துறையுடையது, துறைமுகம் தமிழ்நாடு கடல்சார் வாரியத்துடையது. குடிகாடு பக்கம் தொழிற்பேட்டைக்குள் என்றால் அதை நடத்தும் அரசு நிறுவனமான சிப்காட்டைக் கேட்க வேண்டும். வேலை நடக்கும் இடத்தில் அறிவிப்புப் பலகை இருந்தால் திட்டத்தின் பெயர், மதிப்பீட்டுத் தொகை, துறை ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பலகை இல்லையென்றால் உங்கள் முதல் கேள்வியே அதுதான்.

இரண்டாம் படி: தீர்மானமும் மதிப்பீடும்

1866 முதல் நகராட்சியாக இருந்த கடலூர் 2021-இல் மாநகராட்சியானது. 2022 பிப்ரவரியில் 45 வார்டுகளுக்கும் தேர்தல் நடந்தது. சிறிய வேலைகளை ஆணையரே அனுமதிக்கலாம். ஒரு வரம்புக்கு மேல் போனால், கவுன்சிலர்கள் கூடும் மாமன்றத்தின் தீர்மானம் வேண்டும். கூட்டத்துக்கு முன்பு உறுப்பினர்களுக்குக் கூட்டப்பொருள் அனுப்புவார்கள். ஒவ்வொரு வேலையும் அதில் ஒரு பொருளாக, எண்ணோடு இருக்கும். உங்கள் கவுன்சிலரிடம் அந்தப் பக்கத்தை மட்டும் கேட்டு வாங்குங்கள். “எங்கள் தெருவுக்கு என்ன செய்தீர்கள்” என்று கேட்டால் பதில் எந்தப் பக்கமும் நழுவலாம். “இந்தப் பொருள் எண்ணில் ஒப்புதலான வடிகால் எத்தனை மீட்டர்” என்று கேட்டால் ஒரு எண்ணைத்தான் சொல்லியாக வேண்டும்.

தீர்மானத்தைவிட முக்கியமான தாள் மதிப்பீடு. எவ்வளவு ஆழம் தோண்ட வேண்டும், அடியில் எத்தனை செ.மீ. கான்கிரீட், பக்கச் சுவர் என்ன தடிமன், கம்பி என்ன அளவு, மூடி உண்டா என்பதெல்லாம் வரிசையாக அதில் இருக்கும். இந்தத் தாள் கையில் இல்லாமல் வேலையைப் பார்ப்பது வீண்.

மூன்றாம் படி: டெண்டர்

இதில் அதிக நேரம் செலவிட வேண்டாம். இதற்கென 1998-இல் இயற்றிய தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் ஒளிவுமறைவின்மைச் சட்டம் இருக்கிறது. அறிவிப்பு அரசின் டெண்டர் இணையதளத்தில் வரும். ஒரே தெருவின் வேலை பல துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறதா, வேலை முடிக்க எத்தனை மாதம் கொடுத்திருக்கிறார்கள் என்ற இரண்டை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: டேப்போடு தெருவில் இறங்குங்கள்

இதற்குப் பொறியியல் படிப்பு தேவையில்லை. ஒரு கணக்கைப் பாருங்கள். வடிகாலின் நீளம் 100 மீட்டர், சுவரின் உயரம் 75 செ.மீ., தடிமன் 15 செ.மீ. என்று மதிப்பீட்டில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டு பக்கச் சுவருக்கும் சேர்த்து 22.5 கன மீட்டர் கான்கிரீட் போக வேண்டும். சுவரை 12 செ.மீ. தடிமனில் நிறுத்திவிட்டால் 18 கன மீட்டரே போயிருக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்த 3 செ.மீ. வித்தியாசத்தில், கான்கிரீட்டில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. சுவருக்கு அச்சுப் பலகை அடித்துக் கம்பி கட்டியதும், கான்கிரீட் கொட்டுவதற்கு முன்பு, டேப்பைப் பலகைகளுக்கு இடையில் வைத்துப் படம் எடுங்கள். கம்பிகளுக்கு இடையிலான தூரத்தையும் அப்போதே அளந்துவிடுங்கள். கான்கிரீட் இறுகிய பிறகு அதை உடைத்துப் பார்க்க யாரும் விடமாட்டார்கள்.

அடுத்தது சரிவு. கடலூர் கடலோரத்துத் தட்டை நிலம் என்பதால், என்னைக் கேட்டால் தடிமனைவிடச் சரிவே பெரிய விஷயம். 500-க்கு 1 என்ற சரிவு குறிப்பிட்டிருந்தால், 100 மீட்டர் போவதற்குள் அடித்தளம் 20 செ.மீ. இறங்கியிருக்க வேண்டும். கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாய் ஒன்று போதும், அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். வடிகால் கடைசியில் எங்கே போய்ச் சேர்கிறது என்று நடந்தே போய்ப் பாருங்கள். முனை அடைபட்ட வடிகால், எத்தனை உறுதியாகக் கட்டியிருந்தாலும், கொசு வளர்க்கத்தான் உதவும்.

தொழிலாளர்களிடம் சண்டை வேண்டாம். அவர்கள் சொன்னதைச் செய்பவர்கள். அளந்ததைத் தேதியோடு எழுதி உதவிப் பொறியாளரிடம் கொடுத்து, நகலில் கையொப்பம் வாங்குங்கள்.

ஐந்தாம் படி: அளவுப் புத்தகம்

பொறியாளர் வேலையை அளந்து எழுதும் பதிவேடு இது. இதில் ஏறும் அளவை வைத்துத்தான் பில் தயாராகிறது. நீங்கள் அளந்ததும் இதில் இருப்பதும் ஒத்துப்போகிறதா என்பதில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது. இதைப் பெறத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இருக்கிறது. பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு இப்படி எழுதலாம்:

“மேற்படி தெருவில் நடைபெறும் மழைநீர் வடிகால் பணியின் விரிவான மதிப்பீடு, பணி ஆணை, அளவுப் புத்தகத்தில் இப்பணிக்குரிய பக்கங்கள், இதுவரை வழங்கப்பட்ட பில் தொகை விவரம் ஆகியவற்றின் நகல்களை வழங்கவும். சட்டப் பிரிவு 2(ஜே)-யின்படி பணியை நேரில் ஆய்வு செய்ய நாள் குறித்துத் தரவும்.”

“ஏன்”, “எதற்காக” என்று கேட்காதீர்கள். சட்டம் தருவது ஆவணத்தைத்தான், விளக்கத்தை அல்ல. வேலை வேறு துறையுடையது என்றால் ஐந்து நாட்களுக்குள் அவர்களே மனுவை மாற்றி அனுப்ப வேண்டும். 30 நாட்களில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு. அதிலும் தீராவிட்டால் 90 நாட்களுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். காத்திருப்பிலேயே வேலை முடிந்துவிடக்கூடும் என்பதால், முதல் குழி தோண்டிய வாரமே மனுவை அனுப்பிவிடுங்கள்.

ஆறாம் படி: சபையில் பேசுங்கள்

வார்டு குழுவும் பகுதி சபையும் இதற்காகவே ஏற்பட்டவை. அங்கே கூட்டமாகச் சத்தம் போடுவதைவிட, மதிப்பீட்டு அளவு, நீங்கள் அளந்தது, வித்தியாசம் என்று ஒரே தாளில் எழுதி, தெருவில் பத்து பேர் கையெழுத்திட்டுக் கொடுங்கள். “இந்த வேறுபாட்டைச் சரிபார்க்கும் வரை பில் அனுமதிக்கக் கூடாது” என்ற வாக்கியத்தைச் சேர்த்து, நடவடிக்கைக் குறிப்பில் பதியச் சொல்லுங்கள். கவுன்சிலருக்கு எதிராக இதைச் செய்வதாக நினைக்க வேண்டாம். மாமன்றத்தில் எழுந்து கேள்வி கேட்க அவருக்கும் ஒரு தாள் தேவைப்படுகிறது. ஊராட்சியில் இருப்பவர்களுக்குக் கிராம சபை இருக்கிறது.

புதுச்சேரி நண்பர்களுக்கு இந்தப் படி பொருந்தாது. அங்கே 1968-க்குப் பிறகு 2006-இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அப்போது தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2011-இல் முடிந்த பிறகு நகராட்சிகளை ஆணையர்களே நடத்தி வருகிறார்கள். ஸ்மார்ட் சிட்டி வேலைகளோ அதற்கென அமைத்த தனி நிறுவனத்தின் வழியாக நடந்தன. கேள்வி கேட்க வார்டில் ஆள் இல்லாமல் இத்தனை கோடி ரூபாய் வேலைகள் நடப்பது பெரிய அநியாயம் என்பதே என் கருத்து. அங்கே சட்டமன்ற உறுப்பினர் மூலமும் தகவல் மனு மூலமும்தான் போக வேண்டும்.

ஏழாம் படி: வேலை முடிந்த பிறகு

குறைகளைச் சொந்தச் செலவில் சரிசெய்யும் பொறுப்பு ஒப்பந்ததாரருக்கு ஒரு குறிப்பிட்ட காலம் வரை உண்டு. அதற்காக ஒரு தொகையும் பிடித்து வைக்கப்படும். அந்தக் காலம் என்றைக்கு முடிகிறது என்று ஒப்பந்தத்தில் பார்த்து, நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். ஐப்பசி மழை பெய்ததும் தண்ணீர் நிற்கும் இடங்களைத் தேதியோடு படம் எடுத்து, அந்த நாளுக்கு முன்பே ஆணையருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள். நகல் ஒன்றை உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறைக்கும் அனுப்பலாம்.