சின்னப் பிள்ளைகளிடம் கருத்துக் கேட்பது எப்படி?

எங்கள் ஊர் நூலகத்தில் 4 முதல் 7 வயதுப் பிள்ளைகளுக்காக ஐந்து அறிவியல் மாதிரிகள் வைத்தோம்: காந்தம், கப்பி, முப்பட்டகம், ஊசித்துளைக் கேமரா (சின்னத் துளை வழியாக எதிரே இருக்கும் காட்சி உள்ளே தலைகீழாக விழும் பெட்டி), நிழல் பெட்டி. எதை மாற்ற வேண்டும் என்று பிள்ளைகளிடமே தெரிந்துகொண்ட முறை இது.

முதலில், கேட்காமல் பாருங்கள். எதன் முன் நின்றார்கள், எதற்குத் திரும்பி வந்தார்கள் என்று குறித்துக்கொள்ள நோட்டும் பென்சிலும் போதும். வீடியோ வேண்டாம் என்பேன். செல்போனைக் கண்டதும் பிள்ளைகள் போஸ் கொடுக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

அடுத்து ஓட்டு. நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். முதல் நாள் சிரிப்பு முகங்கள் அச்சிட்ட தாள் கொடுத்தேன். எல்லாரும் எல்லாவற்றுக்கும் பெரிய சிரிப்பையே வட்டம் போட்டார்கள். பிரிட்டனில் பிள்ளைகளிடம் கருத்துக் கேட்கும் முறைகளை ஆராயும் ஜேனட் ரீட் குழுவினர் உருவாக்கிய ஐந்து முக அளவுகோலிலும் சின்னப் பிள்ளைகள் பெரும்பாலும் இப்படித்தான் செய்கிறார்கள். அதே குழுவின் இன்னொரு கேள்விதான் கைகொடுத்தது: ‘இதை மறுபடியும் செய்யணுமா?’

மறுநாள் ஒவ்வொரு மாதிரிக்கும் ஒரு டப்பா, ஒவ்வொரு பிள்ளைக்கும் மூன்று புளியங்கொட்டை. “எதை மறுபடி விளையாடணுமோ அதில் போடு.” கொட்டை மூன்றுதான் என்பதால் யோசித்தார்கள். ஒரு சிறுமி கப்பி டப்பா வரை கையைக் கொண்டுபோய், காந்தத்துக்கு ஓடி, திரும்பக் கப்பிக்கே வந்து போட்டாள்.

டப்பாக்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கட்டும். காந்தத்துக்கு மட்டும் பழைய பால்பவுடர் டின் வைத்திருந்தேன். கொட்டை விழும் ‘டங்’ சத்தத்துக்காகவே இரண்டு பையன்கள் மூன்றையும் அதில் போட்டார்கள். அடியில் துணி விரியுங்கள். உள்ளே இருப்பது தெரியாதபடி துளை போட்ட மூடி வையுங்கள். ஒவ்வொருவராக அனுப்புங்கள், இல்லாவிட்டால் நண்பன் போட்ட இடத்திலேயே போடுவார்கள்.

பின் சேர்த்தது: பால்வாடியில் இதைச் செய்து பார்த்த வாசகர் ஒருவர், ஒரு குழந்தை கொட்டையை மூக்கில் நுழைக்கப் பார்த்ததாக எழுதியிருக்கிறார். ஐந்து வயதுக்குக் கீழே கொட்டை வேண்டவே வேண்டாம். வாயில் நுழையாத பெரிய மரக்கட்டைகளைக் கொடுங்கள், துளையையும் அதற்கேற்ப வெட்டுங்கள்.

அப்புறம், புரிந்ததா என்பது. “புரிஞ்சுதா?” என்றால் எல்லாரும் தலையாட்டுவார்கள். ஒரு பொம்மையைக் கையில் கொடுத்து, “இதுக்குச் சொல்லிக் கொடு” என்று சொல்லிவிட்டுத் தள்ளி நில்லுங்கள். ஊசித்துளைக் கேமராவை விளக்கிய பையன் பொம்மையிடம், “வீடு உள்ளே தலைகீழா விழுந்திருச்சு” என்றான். பெட்டியைக் கவிழ்த்தும் பார்த்தான். வீடு நிமிரவில்லை. ஏன் தலைகீழாக விழுகிறது என்று காட்ட, அந்த வாரமே பக்கவாட்டு அட்டையை வெட்டிய இன்னொரு பெட்டியைப் பக்கத்தில் வைத்து, துளை வழியாக இரண்டு நூல் கட்டினோம்: கூரையிலிருந்து கீழே போகும் சிவப்பு, வாசலிலிருந்து மேலே போகும் பச்சை.