ஃபாஸ்ட் கதையைச் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அறிவுக்காக ஆன்மாவைச் சாத்தானிடம் விற்ற ஜெர்மன் அறிஞர், கடைசியில் நரகத்துக்குப் போனார். ஃபாஸ்ட் கதையை இப்படி ஒரே வரியில் முடித்து, எழுதியவர் ஜெர்மன் கவிஞர் கோதே என்றும் போட்டுவிடுகிறார்கள். பெரிய தவறு இதுதான். கோதேயின் ஃபாஸ்ட் நரகத்துக்குப் போகவே இல்லை.

போனவர் பழைய ஃபாஸ்ட். 1587இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் யோகான் ஷ்பீஸ் அச்சிட்ட, ஆசிரியர் பெயர் இல்லாத புத்தகத்தில் வருபவர். அவர் தன் ரத்தத்தாலேயே பத்திரம் எழுதிக் கொடுக்கிறார். 24 ஆண்டுகள் பேய் அவருக்கு ஊழியம் செய்யும். அப்புறம் உடலும் உயிரும் அதற்கு. கெடு முடிகிற இரவில் மாணவர்கள் அதே வீட்டில்தான் படுத்திருக்கிறார்கள். நள்ளிரவில் சூறைக்காற்று, பாம்புகள் சீறுவதுபோல் சத்தம். விடிந்து பார்த்தால் சுவரெல்லாம் ரத்தமும் மூளையும். உடல் வெளியே சாணக் குவியலில் கிடக்கிறது. ஆங்கிலத்தில் மார்லோ எழுதிய நாடகத்திலும் இதே 24 ஆண்டுக் கெடுதான்.

கோதேயிடம் கெடுவே கிடையாது, மெஃபிஸ்டோ என்ற பேயோடு பந்தயம்தான். ஏதாவது ஒரு கணத்தைப் பார்த்து ‘நில், நீ எவ்வளவு அழகு’ என்று சொல்லிவிட்டால் தான் தோற்றதாக ஃபாஸ்ட் ஒப்புக்கொள்கிறார். 1808இல் வந்த முதல் பாகத்தோடு நிறுத்தியவர்களுக்கு முடிவு தெரிய வாய்ப்பில்லை. 1832இல், கோதே இறந்தபின் வெளியான இரண்டாம் பாகத்தில், ஃபாஸ்ட் அந்த வார்த்தைகளை உச்சரித்துவிட்டுச் சாக, தேவதூதர்கள் ரோஜாக்களைத் தூவி, மெஃபிஸ்டோ அவர்கள் அழகில் சொக்கி நிற்கும் நேரம் பார்த்து அவர் உயிரைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். பந்தயக் கணக்குப்படி பார்த்தால் கொஞ்சம் அழுகுணி ஆட்டம்தான்.

மெஃபிஸ்டோவும் சாத்தானும் ஒன்று என்று எழுதுவதும் சரியில்லை. மார்லோவிடம் அது சாத்தானான லூசிஃபரின் வேலையாள். அதுவும் எப்படிப்பட்ட வேலையாள்! ‘இந்த ஆசையெல்லாம் விட்டுவிடு’ என்று ஃபாஸ்டிடமே கெஞ்சுகிறது. ஆள் பிடிக்க வந்தவன் பேசுகிற பேச்சா இது?

ஃபாஸ்ட் முழுக்கக் கற்பனைப் பாத்திரம் என்றும் சொல்ல முடியாது. 1520இல் ஃபாஸ்ட் என்ற ஒருவர் பாம்பெர்க் ஆயருக்கு ஜாதகம் கணித்துக் கொடுத்து 10 கில்டர் வாங்கியதாகக் கணக்குப் புத்தகத்தில் பதிவு இருக்கிறது. 1528இல் இங்கோல்ஷ்டாட் நகரம் அவரை வெளியேற்றியது. அச்சு இயந்திரம் உருவாக்கிய குட்டன்பெர்க்குக்குக் கடன் கொடுத்த மைன்ஸ் நகரத்து யோகான் ஃபுஸ்ட்தான் இவர் என்று சிலர் முடிச்சுப் போடுவார்கள். அந்த ஃபுஸ்ட் 1466இலேயே இறந்துவிட்டார்.