வழக்கறிஞரிடம் வருவதற்கு முன்பே வழக்கைக் கெடுக்கும் தவறுகள்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்திலுள்ள பட்டர்வொர்த், புக்கிட் மெர்தாஜாம் வட்டாரத்தில் எளிய மக்களுக்காக வாதாடும் வழக்கறிஞரிடம் அதிகம் வருபவை மோட்டார் சைக்கிள் விபத்து, வேலைநீக்கம், கடன் பாக்கி ஆகிய வழக்குகளே. இவற்றுள் பல, சட்டம் பாதகமாக இருப்பதால் தோற்பதில்லை. தொடக்கத்தில் எழுதப்பட்ட ஒரு தாளினாலோ தவறவிட்ட ஒரு தேதியினாலோ தோற்கின்றன.

விபத்து வழக்கில் அந்தத் தாள் போலீஸ் புகார். 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி, விபத்தில் சிக்கிய ஓட்டுநர் 24 மணி நேரத்துக்குள் புகார் செய்ய வேண்டும். காயம்பட்டவர் மருத்துவமனையில் இருக்க, தம்பியோ மைத்துனரோ நிலையத்துக்குப் போய், தாம் நேரில் பார்க்காத விபத்தைத் தமக்குத் தெரிந்த மலாயில் சொல்லிவிட்டு வருவதை அடிக்கடி காண்கிறோம். பச்சை விளக்கு எரிந்த பிறகே சந்தியைக் கடந்தார் என்பது அதில் விடுபட்டிருக்கும்; லாரி இடித்தது என்பது லாரியில் மோதினார் என்று மாறியிருக்கும். பின்னர் விசாரணை நடக்கும்போது, காப்புறுதி நிறுவனத்தின் வழக்கறிஞர் அந்த வாக்கியத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் குறுக்கு விசாரணையைத் தொடங்குவார். சாட்சி கூண்டில் சொல்வது உண்மையாகவே இருந்தாலும், அது பிற்பாடு சேர்த்த கதை என்று நீதிபதி கருத இடமுண்டு. ஆகவே காயம்பட்டவர் உடல் தேறியவுடன் தாமே சென்று, விடுபட்டதையும் தாமதத்தின் காரணத்தையும் தெளிவாகச் சொல்லி, இன்னொரு புகார் செய்ய வேண்டும்.

போலீசார் வாக்குமூலம் பெறும்போதும் இதே கவனம் தேவை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 112ஆவது பிரிவு, வாக்குமூலத்தை அளித்தவருக்கு அவர் பேசிய மொழியிலேயே வாசித்துக்காட்டி, திருத்த வாய்ப்பளித்த பிறகே கையெழுத்துப் பெற வேண்டும் என்கிறது. நேரமாகிறதே என்று படிக்காமல் கையெழுத்திடுவது பெருந்தவறு. நீதிமன்றத்திலும் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கக் கூச்சப்படுபவர்கள் இருக்கிறார்கள். அன்றாடப் பேச்சுக்குப் போதுமான மலாய் சாட்சிக் கூண்டுக்குப் போதாது. இரண்டு செய்திகளை இணைத்துக் கேட்கும் கேள்விக்குத் தலையாட்டினால், இரண்டையும் ஒப்புக்கொண்டதாகவே பதிவாகும். கேட்பதில் வெட்கத்துக்கு எதுவுமில்லை.

மருத்துவமனைப் படுக்கைக்கே வந்து வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்கும் இடைத்தரகரை நம்பவே கூடாது. தம் வழக்கறிஞர் யார் என்றே அறியாமல் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் குடும்பங்களைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது. காயத்துக்கு இழப்பீடு கோர 6 ஆண்டு அவகாசம் உண்டு என்று கேள்விப்பட்டு, இறப்புக்கும் அதுவே பொருந்தும் என எண்ணுபவர்களும் உண்டு. இறந்தவரைச் சார்ந்திருந்தோர் இழப்பீடு கோரும் வழக்கை, 1956ஆம் ஆண்டின் குடிமைச் சட்டப்படி, இறந்த நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் தொடுத்தாக வேண்டும். சம்பளத்தைக் கையில் ரொக்கமாக வாங்கியவர்கள் ஊதிய இழப்பைக் காட்டுவதற்குக் கணக்குப் புத்தகமோ முதலாளியின் கடிதமோ தேடி வைப்பது நல்லது.

வேலைநீக்கத்தில் அவகாசம் இன்னும் குறைவு. நியாயமின்றி நீக்கப்பட்டவர் 60 நாள்களுக்குள் தொழிலியல் உறவுத் துறையில் மனு கொடுக்க வேண்டும். மேலாளர் சமரசம் பேசுகிறார் என்று காத்திருப்பதால் அந்தக் கணக்கு நிற்பதில்லை. அதைவிடக் கேடானது, நிர்வாகம் நீட்டும் ராஜினாமா கடிதத்தில் அங்கேயே கையெழுத்திடுவது. தாமாக விலகவில்லை என்பதை நிரூபிக்கும் சுமை பிறகு தொழிலாளியின் தலையில் விழுகிறது.

உறவினரின் கார் கடனுக்கு ஜாமீன் நின்றவர்கள், வீட்டுக்கு வரும் நீதிமன்ற அழைப்பாணையை அலமாரியில் வைத்துவிடுவது மற்றொரு தவறு. அது கைக்கு வந்த 14 நாள்களுக்குள், வழக்கில் முன்னிலையாவதாக நீதிமன்றத்தில் பதிவு செய்யாவிட்டால், எதிர்த்தரப்பு விசாரணையின்றியே தீர்ப்புப் பெற்றுவிடலாம். அதை ரத்து செய்யக் கோருவதற்கும் தீர்ப்பு கிடைத்ததிலிருந்து 30 நாள்களே உண்டு. கட்டணத்துக்கு வழியில்லாதவர்கள் சட்ட உதவித் துறையையோ வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தையோ அணுகலாம். எங்கே போனாலும், ஆணை கைக்கு வந்த தேதியை உறையின் மேல் எழுதி, உறையோடு கொண்டுபோக வேண்டும்.