பிரசவத்தின்போது சிறுநீரில் புரதம்: சார்ட்டைப் படித்துக் குறியீடு இடும் முறை

சென்னை, கோவை, திருச்சி ஆகிய ஊர்களில் மெடிக்கல் கோடிங் (மருத்துவப் பதிவுகளில் உள்ள நோயறிதல்களுக்குக் குறியீடு இடும்) பணியில் சேர்கிறவர்களில் பலர் அமெரிக்க மருத்துவமனைகளின் சார்ட்டுகளையே (நோயாளியின் மருத்துவப் பதிவுகளையே) கையாள்கிறார்கள். அங்கு 2015 அக்டோபர் 1 முதல் நோயறிதல்களுக்கு ஐசிடி-10-சிஎம் என்ற குறியீட்டுத் தொகுப்பு நடைமுறையில் உள்ளது. மகப்பேறு அதன் 15ஆம் அத்தியாயம். அந்த அத்தியாயத்தில் புதியவர்கள் அடிக்கடி தவறவிடும் ஓர் இடத்தை, அதாவது பிரசவத்திற்காகச் சேர்க்கப்பட்ட பெண்ணின் சிறுநீரில் புரதம் காணப்பட்டால் என்ன செய்வது என்பதை, இங்கே படிப்படியாகப் பார்க்கலாம். தொடங்கும் முன் ஒரு சிறு எச்சரிக்கை: இந்த அத்தியாயத்தின் எல்லாக் குறியீடுகளும் ஆங்கில எழுத்தான 'ஓ'வில் தொடங்குகின்றன. அதைப் பூஜ்யமாகத் தட்டச்சு செய்யாதீர்கள்.

படி 1: ஆய்வக முடிவைக் குறித்துக்கொள்ளுங்கள், ஆனால் அதற்குக் குறியீடு இடாதீர்கள்

டிப்ஸ்டிக் (சிறுநீரில் தோய்த்து நிறமாற்றம் பார்க்கும் பட்டை) சோதனையில் '2+' என்று இருக்கலாம். 24 மணி நேரச் சிறுநீரில் புரதம் 300 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருக்கலாம். சிறுநீரில் புரதத்திற்கும் கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருளுக்கும் உள்ள விகிதம், அதாவது புரத-கிரியாட்டினின் விகிதம், 0.3 அல்லது அதற்கு மேல் இருக்கலாம். மருத்துவர்கள் பொருட்படுத்தும் அளவுகள் இவை. ஆயினும் உள்நோயாளியின் சார்ட்டில், இயல்புக்கு மாறான ஆய்வக முடிவுக்கு மருத்துவப் பொருள் உண்டு என்று சிகிச்சையளிக்கும் மருத்துவரே குறிப்பிட்டாலன்றி, கோடர் (குறியீடு இடுபவர்) அதற்குக் குறியீடு இடக் கூடாது என்பது வழிகாட்டு விதி. பிரசவ அறையில் இந்த விதிக்குக் கூடுதல் நியாயம் உண்டு. பனிக்குடம் உடைந்த பிறகு எடுக்கப்படும் சிறுநீரில் பனிக்குட நீரோ இரத்தமோ கலந்துவிட்டால், சிறுநீரகத்தில் எந்தக் கோளாறும் இல்லாமலேயே டிப்ஸ்டிக் நிறம் மாறும். மாதிரி வடிகுழாய் வழியே எடுக்கப்பட்டதா என்று செவிலியர் குறிப்பில் தேடிப் பாருங்கள். மருத்துவரிடம் பின்னர் கேள்வி எழுப்ப நேர்ந்தால் அது உதவும்.

படி 2: இரத்த அழுத்தத்தைப் பாருங்கள்

எந்தக் குறியீட்டுக் குடும்பத்திற்குள் செல்கிறோம் என்பதை முடிவு செய்வது இரத்த அழுத்தமே. ஓ12 என்ற பிரிவின் தலைப்பிலேயே 'உயர் இரத்த அழுத்தம் இல்லாமல்' என்ற நிபந்தனை இருக்கிறது. அதற்குள் ஓ12.0 வீக்கம் மட்டும், ஓ12.1 புரதம் மட்டும், ஓ12.2 இரண்டும் சேர்ந்தது. கர்ப்பத்தின் 20 வாரங்களுக்குப் பிறகு, குறைந்தது நான்கு மணி நேர இடைவெளியில் இருமுறை 140/90 அல்லது அதற்கு மேல் பதிவாகி, புரதமும் இருந்தால், மருத்துவர் பெரும்பாலும் ப்ரீ-எக்ளாம்ப்சியா (கர்ப்பகாலத்தில் உயர் இரத்த அழுத்தத்துடன் வரும் ஒரு நோய்) என்று எழுதுவார். அப்போது இடம் ஓ14. புரதம் அந்த நோயின் ஒரு பகுதியாகவே கருதப்படுவதால் ஓ12.1ஐக் கூடச் சேர்க்க வேண்டியதில்லை. கர்ப்பத்திற்கு முன்பே உயர் இரத்த அழுத்தம் இருந்து, அதன்மேல் ப்ரீ-எக்ளாம்ப்சியா ஏற்பட்டால் ஓ11க்குச் செல்ல வேண்டும். அழுத்தத்தின் வகையைக் காட்ட ஓ10இலிருந்து இன்னொரு குறியீடும் தேவை. இந்த எண்களை வைத்து நோயின் பெயரை நீங்களே முடிவு செய்யக் கூடாது. மருத்துவர் எழுதிய சொல்லும் பதிவான எண்களும் பொருந்துகின்றனவா என்று பார்ப்பதற்கு மட்டுமே அவை.

படி 3: கடைசி இலக்கத்தைத் தேர்ந்தெடுங்கள்

மும்மாதக் கணக்கைப் பழகியவர்கள் 38 வாரப் பெண்ணைப் பார்த்தவுடன் ஓ12.13, அதாவது மூன்றாம் மும்மாதம், என்று இட்டுவிடுவார்கள். அதே சேர்க்கையில் பிரசவம் நடந்து, 'பிரசவத்தைச் சிக்கலாக்குவது' என்ற தேர்வும் குறியீட்டு நூலில் இருந்தால், அதைத்தான் இட வேண்டும். ஆகவே சரியான விடை ஓ12.14. பிரசவம் நடக்காமல் வீடு திரும்பியிருந்தால் மட்டுமே ஓ12.13. குழந்தை பிறந்த பிறகுதான் முதன்முதலில் தோன்றியது என்றால் ஓ12.15. இந்த 4, 5 என்ற இலக்கங்கள் 2016 அக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வந்த பதிப்பில்தான் சேர்க்கப்பட்டன. பழைய பயிற்சிக் குறிப்புகளை வைத்துப் படிப்பவர்கள் தடுமாறுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

'4 என்றால் பிரசவம்' என்று மனப்பாடம் செய்துகொள்வதும் ஆபத்தே. ஓ11.4, ஓ13.4, ஓ14.04, ஓ14.14 வரை அது பலிக்கும். எக்ளாம்ப்சியாவுக்கு (ப்ரீ-எக்ளாம்ப்சியாவுடன் வலிப்பும் ஏற்படும் நிலை) வந்தால் பிரசவ நேரக் குறியீடு ஓ15.1; முன்பே இருந்த அத்தியாவசிய (குறிப்பிட்ட காரணம் கண்டறியப்படாத) உயர் இரத்த அழுத்தத்திற்கு ஓ10.02. ஒவ்வொரு முறையும் பட்டியலைத் திறந்து பார்ப்பதே நல்லது.

படி 4: உடன் வரும் குறியீடுகள்

கர்ப்ப வாரத்திற்கு இசட்3ஏ பிரிவு, பிரசவ விளைவுக்கு இசட்37 பிரிவு. இரண்டும் தாயின் சார்ட்டில் மட்டும் இடம்பெறும். பொதுவான புரதச் சிறுநீருக்கான ஆர்80.9ஐ இங்கே பயன்படுத்தக் கூடாது. கர்ப்பகாலப் புரதம் அந்தப் பிரிவிலிருந்து வெளிப்படையாக விலக்கப்பட்டுள்ளது.

ஒரு கற்பனைச் சார்ட்டில் இவற்றைப் பொருத்திப் பார்ப்போம். 38 வாரக் கர்ப்பிணி இயல்பான வலியுடன் சேர்கிறார். இரத்த அழுத்தம் 122/78. புரத-கிரியாட்டினின் விகிதம் 0.42, வீக்கம் இல்லை, 'கர்ப்பகாலப் புரதச் சிறுநீர்' என்று மருத்துவர் எழுதியிருக்கிறார், சுகப்பிரசவத்தில் உயிருடன் ஒரு குழந்தை பிறக்கிறது. குறியீடுகள்: ஓ12.14, இசட்3ஏ.38, இசட்37.0. சிக்கலற்ற பிரசவத்திற்கான ஓ80 இங்கே வராது. 15ஆம் அத்தியாயத்தின் வேறு எந்தக் குறியீட்டுடனும் அது சேராது.

படி 5: மருத்துவர் எழுதாவிட்டால் க்வெரி (மருத்துவருக்கான எழுத்துமூலக் கேள்வி) அனுப்புங்கள்

அதே சார்ட்டில் எண்கள் மட்டும் இருந்து, மருத்துவரின் குறிப்பில் புரதத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். 'இது கர்ப்பகாலப் புரதச் சிறுநீர்தானே?' என்று கேட்டால் அது விடையை வாயில் ஊட்டும் கேள்வி, தணிக்கையில் நிற்காது. 'சேர்க்கை நாளில் புரத-கிரியாட்டினின் விகிதம் 0.42 எனப் பதிவாகியுள்ளது. இரத்த அழுத்தம் 122/78. இம்முடிவு தொடர்பான நோயறிதல் ஏதேனும் இருந்தால் பதிவு செய்யவும். மருத்துவ முக்கியத்துவம் இல்லையெனில் அதையும் குறிப்பிடவும்' என்று எழுதுங்கள். மாதிரியில் பனிக்குட நீர் கலந்ததே காரணம் என்று மருத்துவர் பதிலளித்து, பிரசவத்தில் வேறு சிக்கல் எதுவும் இல்லையென்றால், ஓ12.14ஐ நீக்கிவிட்டு ஓ80ஐ முதலில் வைத்து, இசட்3ஏ.38, இசட்37.0 ஆகியவற்றை அப்படியே விட்டுவிடலாம்.